இரட்டிப்பு நோட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது காகிதத்தில் பணம் செலவழிக்கிற விளையாட்டு. முதல் நாள் 1 ரூபாய். மறுநாள் 2, அதற்கு மறுநாள் 4, இப்படி 30 நாள் இரட்டிப்பாகிக்கொண்டே போகும். அன்றைக்கு வந்ததை அன்றைக்கே, ஒரு ரூபாய்கூட மிச்சமில்லாமல், எதற்குச் செலவழிப்பீர்கள் என்று நோட்டில் எழுத வேண்டும். என்ன பொருள், எந்தக் கடை அல்லது எந்த ஊர், என்ன விலை: இந்த மூன்றும் இல்லாவிட்டால் அன்றைய கணக்கு செல்லாது. 10-ஆம் நாள் 512 ரூபாய், 20-ஆம் நாள் 5,24,288 ரூபாய், 30-ஆம் நாள் 53 கோடியே 68 லட்சத்துச் சொச்சம்.

சொந்தக்காரர்களுக்குள் ஆரம்பித்தது, இப்போது ஆபீஸ், பக்கத்துத் தெரு என்று பரவிவிட்டது. ஒரே சந்தேகத்தை ஆளாளுக்குக் கேட்பதால் பதில்களை இங்கே சேர்த்து வைக்கிறேன்.

இதை விளையாடி என்ன பிரயோஜனம்? காசா வரப்போகுது?

வராது. ஆனால் "எனக்கு மட்டும் பத்து கோடி கிடைச்சா..." என்று எல்லோரும் எப்படியும் பேசத்தான் செய்கிறோம். வாயில் சொல்லும்போது பத்து கோடி ரெண்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும். விலை போட்டு எழுத உட்கார்ந்தால்தான், நமக்கு எது வரைக்கும் விலை தெரியும், எதற்கு மேல் வெறும் வாய்க்கணக்கு என்பது பிடிபடும். பெரும்பாலானவர்களுக்கு இது 19, 20-ஆம் நாள் வாக்கில் நடக்கிறது.

ஒரு ரூபாய்க்கு என்னதான் கிடைக்கும்? முதல் நாளே மாட்டிக்கிட்டேன்.

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். ஷாம்பு பாக்கெட், ஒரு மிட்டாய் என்று எழுதிவிட்டுப் போகலாம், தப்பில்லை. எனக்குப் பிடித்த விடை அம்மா உணவகம். 2013-இல் சென்னையில் தொடங்கியபோது வைத்த விலை இட்லி 1 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய். இந்த விலைப்பட்டியலை வைத்துக்கொண்டால் முதல் நான்கு நாள் அழகாக உட்காரும். முதல் நாள் ஒரு இட்லி. இரண்டாம் நாள் இரண்டு. மூன்றாம் நாள் 4 ரூபாய்க்கு ஒரு தயிர் சாதமும் ஒரு இட்லியும். நான்காம் நாள் 8 ரூபாய்: ஒரு சாம்பார் சாதம், ஒரு தயிர் சாதம், மத்தியானச் சாப்பாடு முடிந்தது. சில்லறை பாக்கி கிடையாது.

ஐந்தாம் நாள் 16 ரூபாய் வந்ததும் டீக்கடைக்குப் போய்விடலாம். ஷாம்பு பாக்கெட்டை எழுதுகிறவர்களுக்கு ஒரு துணுக்கு: அந்தச் சின்னப் பாக்கெட்டைப் பரப்பிய முன்னோடிகளில் ஒருவர் கடலூர்க்காரரான சின்னி கிருஷ்ணன். பாட்டில் வாங்க முடியாதவர்களும் வாங்கட்டும் என்பதுதான் அவர் எண்ணம்.

லட்சத்துக்கு எத்தனை சைபர், கோடிக்கு எத்தனை? எனக்கு எப்பவும் குழம்புது.

லட்சத்துக்கு 5, கோடிக்கு 7, நூறு கோடிக்கு 9. நோட்டின் அட்டையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 18-ஆம் நாள்தான் முதன்முதலில் லட்சத்தைத் தொடுவீர்கள் (1,31,072). கோடி 25-ஆம் நாள் வரும் (1,67,77,216).

இன்னைக்கு மிச்சம் வெச்சு நாளைக்குச் சேத்துக்கலாமா?

கூடாது. சேர்த்து வைத்தும் லாபமில்லை. இரட்டிப்புக் கணக்கில் ஒரு வேடிக்கை இருக்கிறது: இதுவரை வந்த எல்லா நாள் பணத்தையும் கூட்டினாலும், நாளைக்கு வரப்போகிற தொகையைவிட ஒரு ரூபாய் குறைவாகத்தான் இருக்கும். முதல் ஒன்பது நாள் மொத்தம் 511 ரூபாய், பத்தாம் நாள் மட்டும் 512. முதல் 29 நாளையும் கூட்டிப் பார்த்தாலும் இதே கதைதான்.

நோட்டைப் பார்க்கும்போது நம்மூர் ஆட்கள் எவ்வளவு சேமிப்புப் பைத்தியம் என்று தெரிகிறது. காகிதப் பணத்தில்கூட 64 ரூபாயில் 20 எடுத்து உண்டியலில் போடுகிறார்கள்!

பேங்க்ல போடுறேன், நகை வாங்குறேன்னு எழுதினா அது செலவா?

பேங்க் டெபாசிட் செலவில்லை. சீட்டு கட்டுவதும் இல்லை. பணம் வேறு பெயரில் உங்களிடமே இருக்கிறது. நகைக்குத்தான் எப்போதும் சண்டை வரும். நாங்கள் வைத்திருக்கும் விதி இது: யார் போட்டுக்கொள்ளப் போகிறார்கள், என்ன விசேஷத்துக்கு என்று எழுதினால் செலவு. "பத்து பவுன், பீரோவில்" என்றால் சேமிப்பு, செல்லாது.

எழுதும்போது செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜிஎஸ்டி எல்லாவற்றையும் போடுங்கள். பவுன் விலையை மட்டும் பெருக்கிவிட்டு வந்தால் கடைக்காரர் சிரிப்பார். 2 லட்சத்துக்கு மேல் நகை வாங்கினால் பான் எண் கேட்பார்கள், அதனால் 19-ஆம் நாளிலிருந்து நோட்டில் பான் அட்டையும் வேண்டும் என்று எங்களுக்குள் ஒரு கேலி உண்டு.

கடனை அடைச்சா செலவுதானே?

தாராளமாக. நோட்டிலேயே மிக உண்மையான பக்கங்கள் இவைதான். 15-ஆம் நாள் 16,384, 16-ஆம் நாள் 32,768, 17-ஆம் நாள் 65,536, 18-ஆம் நாள் 1,31,072. நடுத்தரக் குடும்பங்கள் வாங்கியிருக்கும் கைமாற்று, அடகு, கார்டு பாக்கி எல்லாம் கிட்டத்தட்ட இந்தத் தொகைகளில்தான் இருக்கின்றன. அதுவரை சத்தமாக வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தவர்கள் இந்த நான்கு நாளும் நோட்டை மூடி வைத்துக்கொள்வார்கள். கேட்காதீர்கள்.

எதை முதலில் அடைப்பது என்று கேட்பவர்களுக்கு: வட்டியை வருடக் கணக்கில் எழுதிப் பாருங்கள், வரிசை தானாக வரும். மாதம் நூற்றுக்குப் பத்து என்ற கந்துவட்டி வருடத்துக்கு 120 சதவீதம். இதைத் தடை செய்ய 2003-இல் தமிழ்நாட்டில் சட்டமே வந்தது, ஆனாலும் நோட்டுகளில் தலைகாட்டத்தான் செய்கிறது. கிரெடிட் கார்டில் பாக்கி விட்டால் வருடத்துக்கு 40 சதவீதத்தைத் தொடும். அடகுக் கடையில் ரெண்டு வட்டி என்பது 24 சதவீதம். வங்கி நகைக்கடன் இவை எல்லாவற்றையும்விட மலிவு, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் நோட்டு எழுதுகிற பெண்கள் பெரும்பாலும் நகையைத்தான் முதலில் மீட்கிறார்கள். கணக்குப்படி தப்பு. அடகில் இருப்பது தாலிக்கொடி என்றால் நான் கணக்குச் சொல்லப் போவதில்லை.

20-ஆம் நாளுக்கு மேல வீடு, கார், டூர், திரும்ப வீடுன்னுதான் வருது. எனக்கு மட்டுமா இப்படி?

எல்லோருக்கும். காரணம் ஆசை தீர்ந்துபோவது அல்ல, விலை தெரியாமல் போவதுதான். 128 ரூபாய்க்கு என்னென்ன வாங்கலாம் என்று நமக்கு விரல் நுனியில் தெரியும். 83 லட்சத்துக்கு (24-ஆம் நாள்) என்ன வாங்கலாம் என்று நாம் வாழ்நாளில் ஒரு தடவையாவது விசாரித்திருப்போமா? அதனால் தெரிந்த மூன்று சொல்லையே திருப்பித் திருப்பி எழுதுகிறோம்.

வழி ஒன்றுதான்: உடைத்து எழுதுங்கள். "வீடு, ஒரு கோடி" என்று ஒரே வரியில் எழுதாதீர்கள். எந்த ஊரில், எத்தனை சென்ட், சென்ட் என்ன விலை? மனை வாங்கினால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக ஒரு கோடி ரூபாய் மனைக்குப் பத்திரச் செலவே 9 லட்சம். பிறகு போர் போடணும், ஈபி கனெக்‌ஷன் வாங்கணும், காம்பவுண்டு கட்டணும், கொத்தனார், பெயின்டர் என்று ஆள் வரிசையாக வருவார்கள். இப்படி எழுதினால் வீடு ஒன்றே நான்கு பக்கம் போகும்.

நான் பார்த்ததில் உருப்படியாக எழுதப்பட்ட வீடு ஒரு அக்காவுடையது. ஹாலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சமையல் மேடை தன் இடுப்பு உயரத்துக்கு, கிரைண்டருக்கு மேடையோடு சேர்த்து ஒரு பள்ளம் (தூக்கி இறக்க வேண்டாம்), பாத்திரம் தேய்க்கிற இடத்தில் பத்து மணி வரை வெயில், துணி காயப்போடும் இடம் தெருவிலிருந்து தெரியக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் மேஸ்திரியிடம் விலை கேட்டு எழுதியிருந்தார். மேஸ்திரி அவர் நிஜமாகவே வீடு கட்டப்போகிறார் என்று நினைத்து அட்வான்ஸ் கேட்டுவிட்டார் என்பது தனிக் கதை.

கோடியைப் பணமா பார்த்தா எவ்வளவு இருக்கும்?

2000 ரூபாய் நோட்டை 2023-இல் திரும்பப் பெற்றுவிட்டதால் 500-தான் பெரிய நோட்டு. ஒரு கட்டில் 100 நோட்டு, அதாவது 50,000 ரூபாய். ஒரு கோடிக்கு 200 கட்டு. ஒரு நோட்டு ஒரு கிராமுக்குச் சற்றுக் கூட இருக்கும், ஆகவே ஒரு கோடி 20 கிலோவுக்கு மேல். ஓர் அரிசி மூட்டையைத் தூக்கும் ஆள் தூக்கிவிடலாம். 30-ஆம் நாள் பணம் ஒரு டன்னைத் தாண்டும், அதற்கு லாரி பிடிக்க வேண்டும்.

பிடித்தாலும் அதைக் கொடுத்து எதுவும் வாங்க முடியாது. ஒருவரிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் விடுவதில்லை. சினிமாவில் வருகிற சூட்கேஸ் எல்லாம் நோட்டில் எழுதக் கூடாது.

பக்கத்து வீட்டு நோட்டைப் பார்த்து எழுதலாமா?

எழுதலாம். விலை மாறாமல் இருந்தால் சரி.

வீட்டுக்காரரும் நானும் ஒரே நோட்ல எழுதுறோம். நல்லா இருக்குமா?

முதல் பத்து நாள் நன்றாக இருக்கும். அதற்கப்புறம் தனித்தனி நோட்டு போட்டுக்கொள்ளுங்கள். சேர்ந்து எழுதினால் யாருக்குக் குரல் பெரிசோ அவர் நோட்டாகிவிடும். தனியாக எழுதி, 14-ஆம் நாள் (8,192 ரூபாய்) ஒரு தடவை, 22-ஆம் நாள் (20,97,152 ரூபாய்) ஒரு தடவை மாற்றிப் படியுங்கள். ஒருவர் அந்த 8,192-இல் மனைவிக்கு மூக்குக்கண்ணாடி மாற்றிவிட்டு, மிச்சத்தில் ஃபேன் வாங்கியிருந்தார். அவர் மனைவியின் நோட்டிலும் அதே ஃபேன் இருந்தது. அந்தக் கோடை முழுக்க இருவரும் அதைப் பற்றி வாயே திறக்கவில்லையாம்.

தம்பிக்கு அஞ்சு லட்சம், ஃப்ரெண்டுக்கு அஞ்சு லட்சம்னு கொடுத்துட்டா முடிஞ்சுதே?

கொடுக்கலாம். ஆனால் 20-ஆம் நாளுக்கு மேல் வரியையும் எழுதணும் என்பது எங்கள் விதி, சுவாரசியமே அங்கேதான். சட்டம் சொல்கிற உறவினர் யாராவது கொடுத்தால், வாங்குகிறவருக்கு வரி கிடையாது. உறவினர் இல்லாதவர்களிடமிருந்து வருடத்தில் 50,000-க்கு மேல் வந்தால், வந்த முழுத் தொகையும் வாங்கியவரின் வருமானமாகிவிடும். அதனால் தம்பிக்குப் பிரச்சினையில்லை. ஃப்ரெண்டு வரி கட்டணும், அவருக்குக் கல்யாணம் நடந்து அந்த மொய்யாக வந்தால் ஒழிய.

சட்டத்தின் சொந்தக்காரர் பட்டியலும் நம் கல்யாணப் பத்திரிகைப் பட்டியலும் ஒன்றில்லை. சித்தப்பா மகன் நமக்குத் தம்பி, சட்டத்துக்கு அந்நியர். இன்னும் வேடிக்கை தாய்மாமன் கணக்கு. மாமா அக்கா மகனுக்குக் கொடுத்தால் வரியில்லை. அதே பையன் சம்பாதித்து மாமாவுக்குத் திருப்பிக் கொடுத்தால், மாமா வரி கட்டணும்.

அசலைத் தொடாம வட்டியை மட்டும் செலவு பண்ணினா?

மேலே சொன்னபடி டெபாசிட் செல்லாது. ஆனால் புத்திசாலிகள் விடாமல் கேட்பதால் இதைத் தனி ஆட்டமாகவே வைத்திருக்கிறோம், பெயர் வட்டி ஆட்டம். 30-ஆம் நாள் தொகையை வருடம் 6 சதவீதத்துக்குப் போட்டதாக வையுங்கள். வருடத்துக்கு 3 கோடியே 22 லட்சம் வரும். நாளுக்கு 88,000 ரூபாய். 17-ஆம் நாள் 65,536-ஐச் செலவழிக்கத் திணறினீர்களே, அதைவிடப் பெரிய தொகை ஒவ்வொரு நாள் காலையும், ஞாயிற்றுக்கிழமை உட்பட, வந்து நிற்கும்.

இதைக் காகிதத்தில் ஒரு வாரம் எழுதிப் பாருங்கள், பெரிய பணக்காரர்கள் ஏன் செலவழித்துத் தீர்ப்பதில்லை என்று புரிந்துவிடும். வாங்கி வாங்கி அலுத்துப்போய் நாலாவது நாளே மிச்சம் பிடிக்க ஆரம்பிப்பீர்கள், மிச்சம் பிடித்தது மறுபடி வட்டி போடும். இன்னொன்று: வங்கி மூழ்கினால் டெபாசிட் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைக்கும்தான். 53 கோடியையும் முழுக்கக் காப்பாற்ற ஆயிரத்துக்கும் மேற்பட்ட வங்கிகளில் கணக்குத் திறக்க வேண்டும். அந்த கேஒய்சி படிவங்களை நிரப்பவே சம்பளத்துக்கு ஆள் போடணும்.

விளையாட்டு இருக்கட்டும், நிஜமாவே லாட்டரி விழுந்தா எவ்வளவு கைக்கு வரும்?

தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003-இலிருந்து தடை. அதனால் கேரளக் கணக்கைப் பார்ப்போம். திருவோணம் பம்பரின் முதல் பரிசு 25 கோடி, நம் நோட்டில் ஏறக்குறைய 29-ஆம் நாள். இதில் 10 சதவீதம் ஏஜென்ட் கமிஷன், மிச்சம் 22.5 கோடி. அதில் 30 சதவீதம் வரியைப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள், மிச்சம் 15.75 கோடி. அதற்கப்புறம் சர்சார்ஜ், செஸ் என்று இன்னும் கழியும். ஆக முதல் நாளே ஒன்பது கோடிக்கு மேல் காணாமல் போகிறது, அதற்குள் "25 கோடி" என்று பேப்பரில் போட்டோவோடு வந்துவிடும்.

பேப்பரில் வருவதுதான் சிக்கல். 2022-இல் அந்த 25 கோடி திருவனந்தபுரத்து ஆட்டோ ஓட்டுநர் ஒருவருக்கு விழுந்தது. பிள்ளையின் உண்டியலை உடைத்து டிக்கெட் வாங்கியவர். பணம் கைக்கு வரும் முன்பே உதவி கேட்டு வாசலில் கூட்டம், சொந்த வீட்டில் இருக்க முடியாமல் உறவினர் வீடுகளில் போய்த் தங்க வேண்டியதாயிற்று. பரிசே விழாமல் இருந்திருக்கலாம் என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார். அடுத்த வருடம் அதே பரிசு திருப்பூர்ப் பக்கத்து நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து வாங்கிய டிக்கெட்டுக்கு விழுந்தது. நான்காகப் பிரித்தால் ஆளுக்கு எவ்வளவு என்று மேலே உள்ள கணக்கை வைத்துப் போட்டுப் பாருங்கள்.

இதற்காக டிக்கெட் வாங்கப் பாலக்காட்டுக்குப் பஸ் ஏறாதீர்கள். பஸ் செலவை 9-ஆம் நாள் 256 ரூபாயில் எழுதினால் போதும்.

மொத்தத்தையும் தர்மம்னு எழுதிட்டா ஒரே வரியில முடிஞ்சுரும்ல?

அப்படித் தப்பிக்க நிறையப் பேர் பார்க்கிறார்கள். "28-ஆம் நாள், 13 கோடி, அனாதை ஆசிரமம்." செல்லாது. வீட்டுக்குச் சொன்ன அதே விதிதான் இங்கும்: எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், எத்தனை வருடத்துக்கு, மூன்று வேளைச் சாப்பாடு ஆளுக்கு என்ன ஆகும், வார்டன் சம்பளம் எவ்வளவு?

உண்மையில் பெரிய தொகையைக் கொடுத்தவர்கள் உடைத்துத்தான் யோசித்திருக்கிறார்கள். அழகப்பச் செட்டியார் காரைக்குடிக்கு மத்திய மின்வேதியியல் ஆய்வகம் வர 15 லட்சம் ரூபாயும் 300 ஏக்கர் நிலமும் கொடுத்தார், 1953-இல் ஆய்வகம் திறந்தது. அந்த ஊருக்கு என்ன வர வேண்டும், அதற்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று தெரிந்து கொடுத்த பணம் அது. டாக்டர் வெங்கடசாமி 1976-இல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையை 11 படுக்கையோடு ஆரம்பித்தார். 13 கோடி கிடைத்தும் "ஆஸ்பத்திரி கட்டுவேன்" என்பதற்கு மேல் எழுத வரவில்லை என்றால், 11 படுக்கைக்கு என்ன ஆகும் என்று கேட்டுக்கொண்டு வாருங்கள். கட்டில், மெத்தை, ஒரு நர்ஸ், ஒரு ஜெனரேட்டர். அங்கிருந்து எழுதுங்கள்.

பசங்களோட விளையாடலாமா?

பத்து நாள் வரைக்கும் அருமை. அதற்கு மேல் போனால் எல்லாப் பக்கத்திலும் பிளேஸ்டேஷன்தான்.

ஏன் 30-ஓட நிறுத்தணும்? 31, 40னு போனா என்ன ஆகும்?

போகலாம், ஆனால் தனி ஆளாக முடியாது. 38-ஆம் நாள் தொகை 13,743.9 கோடி. 2024 கணக்குப்படி ஒரு கோடியே 15 லட்சம் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்று மகளிர் உரிமைத் தொகையை ஒரு வருடம் கொடுத்தால் 13,800 கோடி ஆகும். கிட்டத்தட்ட ஈடு, 56 கோடி உதைக்கிறது. அந்த 56 கோடிக்கு 30-ஆம் நாள் பணத்தையும் சேர்த்துப் போட்டால்கூட இன்னும் 2 கோடி சொச்சம் வேண்டும்.

சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கு மதிப்பிட்ட செலவு 63,246 கோடி. 40-ஆம் நாள் 54,975 கோடிதான் வருகிறது, போதாது. 41-ஆம் நாள் 1,09,951 கோடி வரும்: 118 கிலோமீட்டருக்கு மேல் ரயில் விட்டுவிட்டு 46,705 கோடி கையில் நிற்கும். இந்த நாட்களைத் தனியாக எழுதாமல் நான்கைந்து பேர் சேர்ந்து உட்கார்ந்து எழுதுங்கள், ஆளுக்கொரு துறையை எடுத்துக்கொண்டு. எங்கள் வட்டத்தில் நிதித் துறையை எடுத்தவரிடம் மற்ற நான்கு பேரும் இப்போது பேசுவதில்லை.